டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு ஜன்னல்

2012-இல் வேலை விஷயமாக டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். லேத் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கராஜில் 1965 மாடல் செவர்லே இம்பாலா ஒன்று நின்றது. நாலு கதவு, பெஞ்ச் சீட், நீளம் கிட்டத்தட்ட 5.4 மீட்டர். பக்கத்தில் நம்ம அம்பாசடரை நிறுத்தினால் இம்பாலா ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அம்பாசடரின் இன்ஜின் ஒன்றரை லிட்டர், இதனுடையது 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர்.

மிச்சிகனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். பழைய காரின் தகட்டுக்கு உப்புதான் எமன். அதனால் நவம்பரில் கராஜுக்குள் போகிற வண்டி ஏப்ரலில்தான் வெளியே வரும். அப்படி அது வெளியே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஐட்லிங்கில் சீராக நிற்காமல் திக்கித் திக்கி ஓடியது. பெரியவர் பானட்டைத் திறந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் பக்கவாட்டில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகட்டுக் கதவு. அதை மேலே தள்ளினார். உள்ளே ஆலன் கீயை விட்டு மெதுவாகத் திருகினார். இன்ஜின் தடுமாற ஆரம்பித்தது. உடனே அரைச் சுற்று பின்னால் திருப்பினார். சத்தம் சீரானது. கதவை மூடினார். அவ்வளவுதான்.

"மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "மீட்டர் இருக்கிறது, உள்ளே எங்கேயோ கிடக்கும். தடுமாறும் வரைக்கும் திருகு, அரைச் சுற்று திரும்பி வா. சர்வீஸ் புத்தகத்திலேயே இப்படித்தான் போட்டிருக்கிறது" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். உண்மைதான். ஸ்பார்க் வருவதற்காகத் திறந்து மூடுகிற இரண்டு சின்ன முனைகளுக்கு 'பாயிண்ட்' என்று பெயர். நம்ம ஊரில் பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது தேயத் தேய இடைவெளி மாறும். மற்ற வண்டிகளில் இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, 0.4 மில்லிமீட்டர் கேஜ் விட்டுச் சரிசெய்ய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் V8 இன்ஜின்களில் 1957 முதல் இந்த ஜன்னலை வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் நான் பார்த்த வேலை இதற்கு நேர் எதிரானது. கார்களுக்கு எலக்ட்ரானிக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்காகக் கோடு எழுதிக்கொண்டிருந்தேன். சாவி போட்டதும் என் கோடு செய்கிற முதல் காரியம், 'நான் இந்தக் காருக்குச் சொந்தமான பாகம்தானா' என்று எண்ணைச் சரிபார்ப்பது. பொருந்தவில்லையா, வேலை செய்ய மறுத்துவிடும். அந்த ஜன்னல் என்னைத் தொந்தரவு செய்தது. 47 வருடப் பழைய காரை ஒருவர் ஆலன் கீயால் சரிசெய்கிறார், உதிரிபாகத்துக்கு அலையவும் இல்லை. இது எப்படிச் சாத்தியமானது? அன்றைக்கு ஆரம்பித்த வாசிப்பின் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

மூன்று கார்களைக் கலைத்துப் போட்ட கதை

கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை, இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1908-ஆம் ஆண்டின் தொடக்கம். லண்டனுக்கு வெளியே புரூக்லாண்ட்ஸ் என்ற ரேஸ் தளம். ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு சோதனை நடத்தியது. ஒற்றை சிலிண்டர் கேடிலாக் கார்கள் மூன்றை ஓட்டிவந்து நிறுத்தி, நட்டு போல்ட்டு வரைக்கும் பிரித்தார்கள். எல்லாப் பாகங்களையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அது போதாதென்று சில பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் ஸ்டாக்கிலிருந்து வேறு பாகங்களைப் போட்டார்கள். பிறகு மெக்கானிக்குகள் வெறும் ஸ்பானரும் ஸ்குரூடிரைவரும் வைத்து மறுபடி மூன்று கார்களைப் பூட்டினார்கள். அரம் போட்டுத் தேய்க்க அனுமதி இல்லை. மூன்றும் கிளம்பி 500 மைல் ஓடின.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்கு உயர்ந்த கார் என்றாலே கைத்தேர்ச்சி உள்ள ஃபிட்டர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்துப் பொருத்தியது என்றுதான் அர்த்தம். ஒரு காரின் பாகம் இன்னொன்றில் ஏறாது. அது குறை என்று யாரும் நினைக்கவில்லை. அந்த வருடத்துக்கான டியூவர் கோப்பை கேடிலாக்குக்குக் கிடைத்தது. கேடிலாக்கை நடத்திய ஹென்றி லீலண்ட் கார் தொழிலுக்கு வருமுன் துப்பாக்கித் தொழிற்சாலையிலும், அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியிலும் வேலை பார்த்தவர். போர்க்களத்தில் உடைந்த துப்பாக்கிக்கு இன்னொன்றின் பாகத்தைப் போட்டுச் சுட வேண்டும் என்கிற தேவை, இப்படிச் சுற்றிவளைத்துக் காருக்குள் வந்தது.

என் தொழில் பாஷையில் சொன்னால், பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே எழுதி வைத்த ஒப்பந்தம் இருக்கிறது. அளவு பொருந்தினால் போதும். நீ யார், எந்தக் காரிலிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

மாடல் டியும் காயலான் கடையும்

அதே 1908 அக்டோபரில் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 மே மாதம் நிறுத்தும்வரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வண்டிகள். ஆரம்பத்தில் 850 டாலர். 1925-இல் ரன்அபவுட் மாடலின் விலை 260 டாலர். 20 குதிரைசக்தி. பெரும்பாலும் விவசாயிகள் வாங்கினார்கள். பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள். நம்மூரில் டிராக்டரில் பெல்ட் மாட்டி நெல் அடித்த மாதிரிதான். மெக்கானிக் கடை பக்கத்தில் இல்லாத ஊர்களில், ரிப்பேர் என்பது வண்டி வைத்திருப்பதன் ஒரு பகுதியாகவே ஆனது.

ஒன்றரைக் கோடி வண்டி என்றால், பின்னாளில் அத்தனை பழைய இரும்பு. 1930-களில் அமெரிக்கக் காயலான் கடைகளில் மாடல் டி, மாடல் ஏ உடல்கள் சல்லிசாகக் கிடந்தன. 1932-இல் ஃபோர்டு 65 குதிரைசக்தி V8 இன்ஜினைச் சாதாரண மனிதர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. கொஞ்ச வருடத்தில் அதுவும் காயலான் கடைக்கு வந்துசேர்ந்தது. கையில் காசில்லாத கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய லேசான உடலில் இந்த இன்ஜினை ஏற்றி, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்தார்கள். ஹாட் ராட் என்ற வகை இங்கேதான் பிறந்தது. இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தத் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் 1937-இல் தொடங்கியது.

அதே காலத்தில் இன்னொரு கூட்டம். 1935-இல் ஃபிலடெல்ஃபியாவில் பழங்கார் கிளப் ஒன்று, 1937-இல் லாஸ் ஏஞ்சலஸில் 'குதிரையில்லா வண்டி' கிளப். இவர்கள் 'தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும்' என்ற கட்சி. ஹாட் ராட்காரர்கள் 'எனக்குப் பிடித்த மாதிரி மாற்றுவேன்' என்ற கட்சி. இரண்டு பேருக்கும் இன்றுவரை ஆகாது. ஆனால் இரண்டு பேரும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் ஏறும்.

பிளஷருக்குத் தடை

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காரைப் 'பிளஷர்' என்றுதான் சொல்வார்கள். லாரி, பஸ் மாதிரி சுமைக்கு இல்லாமல் சொந்த சவாரிக்கு வைத்திருந்த வண்டிக்கு வெள்ளைக்காரர்கள் சொன்ன பெயர் அது. சின்ன வயதில் எனக்கு அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைப்பு. இதே சொல் அமெரிக்க வரலாற்றில் ஓர் அரசாங்க உத்தரவாக என் கண்ணில் பட்டது.

1942 பிப்ரவரியில் போருக்காக அங்கே பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய இரும்பு சேகரிப்பு இயக்கத்தில் எத்தனையோ பழங்கார்கள் உருக்குலைக்குப் போயின. 1943 ஜனவரியில் கிழக்கு மாநிலங்களில் 'பிளஷர்' ஓட்டத்துக்கே தடை போட்டார்கள். பெட்ரோலையும் ரப்பரையும் மிச்சம் பிடிக்கத்தான். புது வண்டி கிடையாது, டயர் கிடையாது. இருப்பதை ஓட்டவைப்பதே தேசத்தொண்டு என்றானது.

போர் முடிந்து திரும்பியவர்களில் நிறையப் பேர் ராணுவத்தில் விமான இன்ஜினும் டிரக்கும் பிரித்துப் பழகியவர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1949-இல் யூட்டா மாநில பான்வில் உப்புத் தரையில் வேகவாரம் நடந்தது. வறுமையில் பிறந்த வேலை, பொழுதுபோக்காக மாறியது இந்த ஏழெட்டு வருடத்தில்தான் என்பது என் கணிப்பு.

சட்டை மாறும், எலும்பு மாறாது

அமெரிக்கக் கார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வால் துடுப்பு. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், P-38 போர் விமானத்தைப் பார்த்த பாதிப்பில் 1948 கேடிலாக்கில் சின்னதாக ஆரம்பித்தது, 1959-இல் உச்சிக்குப் போனது. வருடாவருடம் தோற்றத்தை மாற்று, போன வருட வண்டி வைத்திருப்பவனுக்கு அது பழசாகத் தோன்றட்டும் என்பது தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் காலத்திலிருந்து அங்கே கொள்கை. காரைச் சீக்கிரம் தூக்கிப் போட வைக்கிற திட்டம்.

அதே கம்பெனி உள்ளே செய்தது வேறு. 1955-இல் செவர்லேயில் எட் கோல் தலைமையில் ஒரு புது V8 வந்தது. 265 கன அங்குலம், அதாவது 4.3 லிட்டர். இதைத்தான் 'ஸ்மால் பிளாக்' என்கிறார்கள். வெளியே சட்டையை மாற்றலாம், ஆனால் இன்ஜின் அச்சுகளையும் லேத் வரிசைகளையும் வருடாவருடம் மாற்றினால் கம்பெனி திவாலாகிவிடும். அதனால் சிலிண்டர் நடுவுக்கும் நடுவுக்கும் 4.4 அங்குலம், கியர்பாக்ஸைப் பூட்டுகிற போல்ட்டுத் துளைகளின் அமைப்பு என்று அடிப்படைகளை அப்படியே வைத்துக்கொண்டு கொள்ளளவை மட்டும் கூட்டினார்கள். 1957-இல் 283, 1967-இல் 350 கன அங்குலம். பிறகு வந்த தலைமுறைகளையும் சேர்த்து 2011-இல் பத்தாவது கோடி ஸ்மால் பிளாக் இன்ஜினை அந்தக் கம்பெனி கொண்டாடியது.

இதன் பலனைப் பாருங்கள். 1970-களின் பிக்கப் டிரக்கிலிருந்து கழற்றிய 350 இன்ஜினை, சின்னச் சின்ன மாற்றங்களோடு 1955 காரில் உட்கார வைக்கலாம். சாஃப்ட்வேரில் இதைப் பழைய வெர்ஷனோடு ஒத்துப்போவது என்போம். இருபது வருடம் அதைக் காப்பாற்றிய சாஃப்ட்வேரை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொழுதுபோக்குக்காரர்கள் மேல் இருந்த அன்பினால் யாரும் இதைச் செய்யவில்லை. செலவைக் குறைக்கச் செய்தார்கள். இன்னொருவருக்கு அது வாழ்வாகிவிட்டது.

கடையும் சந்தையும்

பாகம் பொருந்துவது ஒரு பக்கம். அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? சிகாகோவில் 1915-இல் பழைய இரும்புக் கடையாகத் தொடங்கி ஜே.சி.விட்னி என்று வளர்ந்த கம்பெனி, தபாலில் கேட்டலாக் அனுப்பி வியாபாரம் செய்தது. 1954-இல் இல்லினாய் மாநிலத்தில் எர்னஸ்ட் ஹெம்மிங்ஸ் தொடங்கிய 'ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ்' வரிவிளம்பரங்களாலேயே ஆன பத்திரிகை. 1955 முதல் பென்சில்வேனியாவில், சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி ஊரில் பழங்கார் கிளப்பின் இலையுதிர்காலக் கூட்டம். கார்களைப் பார்க்க வந்தவர்கள் டிக்கியில் கொண்டுவந்த உதிரிபாகங்களை விற்க ஆரம்பித்து, இன்று அது மைதானம் மைதானமாக விரியும் சந்தை. நம்ம புதுப்பேட்டையை நாலு நாளைக்கு வயல்வெளியில் பரப்பி வைத்தது மாதிரி.

இதற்கு அடுத்த கட்டமும் உண்டு. 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங் இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் விற்றது. அத்தனை வண்டி இருப்பதால் கைப்பிடி முதல் தரைத்தகடு வரை புதிதாகச் செய்து விற்கக் கடைகள் வந்தன. இன்றைக்கு ஃபோர்டின் உரிமத்தோடு 1960-களின் மஸ்டாங் உடற்கூடே புதிதாகக் கிடைக்கிறது. அப்போது எது பழைய கார்? இந்தக் கேள்வி விலையில் போய் முட்டியது. அசல் இன்ஜின், அசல் எண் உள்ள வண்டிக்குத்தான் மதிப்பு என்று சேகரிப்பாளர்கள் முத்திரை எண்களை ஒப்பிட ஆரம்பித்தார்கள். 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "என் வண்டியில் எந்த எண்ணும் பொருந்தாது. ஆனால் தினமும் கிளம்புகிறது" என்றார்.

அந்த ஆகஸ்ட்டில் என்னை உட்காரவைத்து உட்வர்ட் அவென்யூவுக்குக் கூட்டிப்போனார். 1995-இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கிய கார் ஊர்வலம், இப்போது ஒவ்வொரு ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமையும் தேர்த்திருவிழா மாதிரி நடக்கிறது. கோடீஸ்வரர்களின் கண்ணாடிப் பளபளப்பு வண்டிகளும் உண்டு. ஆனால் அதிகம் பார்த்தது பெரியவருடையது மாதிரி சாதாரணக் குடும்பக் கார்களைத்தான். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டிகள், 'எங்கப்பா இது வைத்திருந்தார்' என்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுபக்கம்

பெருமையை மட்டும் பேசினால் நேர்மையாக இருக்காது. அந்த இம்பாலாவில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் ஆயிலுக்கு ஒரே வழி. எங்கே கசிந்தாலும் மொத்தமாகப் போய்விடும். முன்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும். மோதினால் ஸ்டீயரிங் தண்டு மடங்காது, நெஞ்சுக்கு நேராக வரும். ரால்ஃப் நேடர் 1965-இல் புத்தகம் எழுதிக் கேள்வி கேட்ட தொழில் இதுதான். பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். ரோட்டு வண்டிகளுக்கு அமெரிக்கா அதை முழுக்கத் தடைசெய்தது 1996-இல். லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும், மாற்றியாக வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் வந்ததால் புகை குறைந்தது, உயிர்கள் பிழைத்தன. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பெரியவரே பேரக்குழந்தைகளை இம்பாலாவில் ஏற்றி ஹைவேயில் போகமாட்டார்.

ஜன்னலை மூடியவர்கள்

என்னை உறுத்துவது அது அல்ல. 2012 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், கார் ரிப்பேருக்கான தகவல்களைக் கம்பெனிகள் உரிமையாளருக்கும் தனி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்ற சட்டத்துக்குப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் ஆதரவு கொடுத்தார்கள். 2015-இல், சொந்த வண்டியின் சாஃப்ட்வேரை ரிப்பேருக்காகத் திறந்து பார்ப்பது காப்புரிமைக் குற்றம் ஆகாது என்று அமெரிக்காவில் விதிவிலக்கு கொடுக்க வேண்டிவந்தது. கார் தயாரிப்பாளர்கள் அதை எதிர்த்தார்கள். தகட்டுக் கதவைத் தள்ளித் திறந்த ஊரில், திறக்க அனுமதி கேட்டு மனு போட வேண்டிய நிலை.

நான் எழுதிய அந்த எண் சோதனைக்கு டிசைன் ஆவணத்தில் காரணம் இருந்தது: திருட்டுத் தடுப்பு. நியாயமான காரணம்தான். ஆனால் வண்டியின் உரிமையாளர், கையில் சாவியை வைத்துக்கொண்டு, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த பாகத்தைத் தானே பதிவுசெய்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கலாம். அதிகம் போனால் இரண்டு வாரத்து வேலை. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து அந்தப் பாகம் உற்பத்தியில் இருக்காது. அதைப் பதிவுசெய்கிற கம்ப்யூட்டர் சர்வரும் இருக்குமா என்று சொல்ல முடியாது. அப்போது நல்ல பாகம் ஒன்று காயலான் கடையில் இருந்தாலும் என் கோடு அதை ஏற்காது. சேகரிப்பாளர்கள் கேட்ட எண் பொருந்தாவிட்டால் விலைதான் குறைந்தது. நான் கேட்ட எண் பொருந்தாவிட்டால் அந்தப் பாகம் வெறும் பிளாஸ்டிக் டப்பா.

புரூக்லாண்ட்ஸில் கலைத்துப் போட்ட மூன்று கார்களை இன்றைய கார்களாக நினைத்துப் பார்க்கிறேன். ஸ்பானர் வேலை எல்லாம் அன்றைக்கு மாதிரியே முடிந்துவிடும். கிளம்பாது. 2065-இல் இன்றைய காரை யாராவது ஆசையாக வைத்திருப்பார்களா என்று நண்பர்கள் கேட்டால், ஆசை இருக்கும், அனுமதி இருக்குமா என்றுதான் பதில் சொல்கிறேன்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் பெரியவர் என்னிடம் ஆலன் கீயைக் கொடுத்தார். கதவைத் தள்ளி, உள்ளே விட்டுத் திருகினேன். இன்ஜின் தடுமாறியது, பயந்து ஒரு முழுச் சுற்று பின்னால் போய்விட்டேன். "அரைச் சுற்று" என்றார். மறுபடி ஆரம்பித்தேன். மூன்றாவது முறை சரியாக வந்தது. இப்போது வேறு கம்பெனியில் வேறு வேலை. டிசைன் ரிவ்யூவில் என் முறை வரும்போது ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்: நாம் இல்லாத காலத்தில் இதை எப்படித் திறப்பார்கள்? பெரும்பாலும் அடுத்த பாயிண்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு தடவை பதில் கிடைத்திருக்கிறது.